மிளகாய்த் தும்மலும் காய்ச்சல் தும்மலும்

எங்கள் தெருவில் தும்மினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மட்டாஞ்சேரியில் படகுத்துறைக்குப் போகிற வழியில், கீழே கிடங்கும் மேலே குடித்தனமுமாக வரிசையாக நின்ற பழைய மாடிவீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு நேர் கீழே வத்தல் மிளகாய்க் கிடங்கு. ஒரு பக்கம் சுக்கு, மறு பக்கம் மிளகு. காலையில் மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரை தெருவே தும்மிக்கொண்டிருக்கும். தபால்காரர் தும்மிக்கொண்டே கடிதம் கொடுப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு தடவை தும்மினார். அந்த இடம் அமையவில்லை. தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள், நாங்கள் பேச்சை நிறுத்தாமலே தும்மப் பழகியிருந்தோம்.

தும்மலைப் பற்றி இவ்வளவு எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. எது சும்மா வரும் தும்மல், எது நோயைக் கொண்டுவரும் தும்மல் என்று பிரித்துப் பார்ப்பதையே சில வருஷம் நான் வேலையாக வைத்திருந்தேன். அதில் என்னைவிடக் கெட்டிக்காரி யாரும் இல்லை என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

அண்ணன் சுக்குத் தரகன். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டைப்பிஸ்ட் வேலைக்காக வந்து அண்ணன் வீட்டில் தங்கியவள். தினமும் காலையில் படகேறி எர்ணாகுளம் போய், சாயங்காலம் ஐந்தரைப் படகில் திரும்புவேன். மதினிக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூடுதல். சமையலில் சுமார், நடையில் சூரப்புலி. குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தாலும் ஐந்தரைக்கு அவள் துறையில் நிற்பாள்.

“தெனமும் எதுக்கு வாரீய மதினி? நான் என்ன தொலைஞ்சா போவேன்?” என்று கேட்பேன்.

“உன்னைய யாரு பாக்க வந்தா? நான் படகு பாக்க வந்தேன்” என்பாள்.

திரும்பும்போது எனக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டே இருப்பாள். திரும்பித் திரும்பிப் பார்த்து, “நடக்கியா, ஊருதியா?” என்று தெரு கேட்கக் கத்துவாள். எனக்கு மானம் போகும். கோபமும் வரும். ஆனால் படகு துறையை நெருங்கும்போது அந்தக் கூட்டத்தில் அவளுடைய மஞ்சள் சேலையைத் தேடாத நாள் கிடையாது.

எழுபதுகளின் பிற்பாதியில் அவளுக்கு வலது கண் மங்கியது. ஒரு மாதத்தில் தானே தெளிந்தது, மறந்துவிட்டோம். பிறகு இடது பாதத்தில் எப்போதும் சாக்ஸ் போட்டிருப்பது போல ஒரு மரமரப்பு. அதையும் விட்டுவிட்டோம். அந்த வருஷம் மழையோடு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. தெருவில் எல்லோருக்கும் வந்தது, எல்லோரும் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். மதினிக்கும் காய்ச்சல் விட்டது. விட்டு இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் பாயிலிருந்து எழுந்தவள், இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாதவள் போல அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பார்த்த டாக்டர், பிள்ளை இல்லாத ஏக்கம், மனசுதான் காரணம் என்றார். அவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஏக்கப்பட்டவளுக்கா துறையில் நின்று படகு பார்க்கத் தோன்றும்? கடைசியில் எர்ணாகுளத்தில் ஒரு நரம்பு டாக்டர், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். அண்ணன் அதைத் தமிழில் எழுதி வாங்கிவந்து காலண்டரின் பின்பக்கம் ஒட்டிவைத்தான்.

அந்த டாக்டர் நல்ல மனுஷர். நான் எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை. மின்சாரக் கம்பிக்கு மேலே உறை இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு, உடம்பின் காவல்படையே எதிரி என்று நினைத்து அந்த உறையைத் தின்றுவிடுகிறது என்றார். உடம்பு சூடானால் உறை போன கம்பியில் ஓட்டம் இன்னும் குறையும். அதனால் எந்தக் காய்ச்சல் வந்தாலும் கை கால் தளரும், சூடு தணிந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஃப்ளூவில் அதற்கு மேலும் ஒரு ஆபத்து இருக்கிறது. வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய படை, அடித்து முடித்த பிறகும் அடங்காமல் சொந்த வீட்டை அடிக்க ஆரம்பிக்கலாம். காய்ச்சல் விட்ட பிறகு வரும் வாரங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்றார். ஆகவே காய்ச்சல்காரர்களை அண்டவிடாதீர்கள், மீறி வந்தால் சூட்டை ஏறவிடாதீர்கள், உடனே என்னிடம் வாருங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது.

இதற்கெல்லாம் தடுப்பூசி என்ற பேச்சே அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. இப்போது இருக்கிறது. நோயாளி மட்டுமல்ல, கூட இருப்பவர்களும் வருஷா வருஷம் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் போட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு என் வீட்டில் நான் காவல் காக்க யாரும் இல்லை, இருந்தாலும் போட்டுக்கொள்கிறேன்.

மதினி ஆறு மாதத்தில் எழுந்து நடந்தாள். இடது காலை இழுத்து, கையில் ஒரு கம்போடு நடந்தாள். முன்பு ஐந்து நிமிஷத்தில் போன துறைக்கு இப்போது அரைமணி ஆயிற்று. நான்கே முக்காலுக்கே கிளம்பிவிடுவாள். வழியில் மூட்டை தூக்கும் ஆட்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். உச்சிவெயிலில் எங்கள் ஓட்டுக்கூரை கொதித்தால் அவளுக்குக் கண் மங்கும். அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பூனை தெரிகிறது என்பாள். சாயங்காலம் ஐந்தரைக்குத் துறையில் இருப்பாள். அந்த நடை இருக்கிற வரைக்கும் அவளிடமிருந்து ஒன்றும் போய்விடவில்லை என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். அதைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

காப்பாற்ற முடியாதபடி இருந்தது எங்கள் தெருவின் அன்பு. உடம்பு சரியில்லாதவர்களைப் போய்ப் பார்க்காவிட்டால் பகை என்று அர்த்தம். எங்கள் ஊரிலும் அப்படித்தான், மட்டாஞ்சேரியிலும் அப்படித்தான். ரொட்டி, ஆரஞ்சு, சாயாவுக்குக் கடிக்க ஏதாவது என்று கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். வந்தால் தள்ளி உட்கார மாட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, முகத்துக்கு நேரே முகத்தை வைத்து அழுவார்கள். இதில் ஒரு கூத்து என்னவென்றால், வேலை வெட்டி உள்ளவர்களுக்கு வர நேரம் ஏது? தனக்கே காய்ச்சல் என்று லீவு போட்டு வீட்டில் கிடப்பவர்களுக்குத்தான் மற்ற நோயாளியைப் பார்க்கப் பொழுது கிடைக்கும். “மூணு நாளா ஜுரம், வீட்ல சும்மாதானே இருக்கேன், ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே மாடியேறி வந்தாள். அவளை வந்த வழியே திருப்பி அனுப்பினேன். ஆரஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் படிக்கட்டில் நான் நின்றேன். செங்குத்தான மரப்படி, பிடித்து ஏற மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். யார் வந்தாலும் கடைசிப் படியில் நிறுத்தி, “இது மிளகாத் தும்மலா, காய்ச்சத் தும்மலா?” என்று கேட்பேன். எல்லோரும் மிளகாய் என்றுதான் சத்தியம் செய்வார்கள். எங்கள் தெருவில் அந்தப் பொய்யைச் சொல்வது அவ்வளவு சுலபம். அதனால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். அப்படி ஒரு நாள் எதிர்வீட்டு இத்தா, பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் அம்மாள், தட்டு நிறையப் பத்திரி என்ற அரிசி ரொட்டி சுட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“முளகு மோளே, முளகு! உங்க கிடங்கு முளகுதான் என் மூக்குல ஏறிப்போச்சு” என்றாள். மிளகாய்க்கு அவள் வாயில் முளகு என்றுதான் வரும்.

நெற்றியைத் தொட்டேன். சுட்டது. பத்திரியையும் வாங்காமல் திருப்பி அனுப்பினேன். டைப்படிக்கிற பொண்ணுக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது என்று இத்தா தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். இரண்டு வாரம் என்னோடு மட்டும் பேச்சில்லை.

மதினிக்குத்தான் பொறுக்கவில்லை. “சன்னல் எதுக்கு இருக்கு? தெருவுல நின்னு பேசிட்டுப் போட்டும்” என்றாள். மீன்காரியிடம் மீன் வாங்கக் கயிற்றில் கட்டி இறக்கும் கூடை ஒன்று எங்களிடம் உண்டு. அன்றைக்கே அதைக் கழுவி, ஜன்னலில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்குக் கேட்கக் கூப்பிட்டு, பத்திரி எங்கே என்று கேட்டாள். இத்தாவின் வீறாப்பு அந்த ஒரு குரலுக்குத் தாங்கவில்லை. பத்திரி கூடையில் ஏறியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நலம் விசாரிப்பது ஜன்னல் வழிதான். சாயங்காலம் மதினி ஜன்னலில் தர்பார் நடத்துவாள். கீழே நான்கைந்து பேர் அண்ணாந்து நிற்பார்கள். மாடிக்குக் கேட்க வேண்டுமே, எல்லாவற்றையும் கத்தித்தான் கேட்பார்கள். “ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை வட்டம் எந்திரிச்சே?” என்று இத்தா கத்துவாள். “நாலு வட்டம்!” என்று மதினி திருப்பிக் கத்துவாள். கீழே சுக்குக் கிடங்கில் வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருக்கும் அண்ணன் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். இத்தாவே பிறகு எனக்கு உதவியாளாகிவிட்டாள். யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டு படியில் கால் வைத்தால், “அங்ஙனயே நில்லு!” என்று அவள் போடும் சத்தத்தில் மூட்டைக்காரர்களும் நின்றுவிடுவார்கள். இப்படி நான்கு மழைக்காலம் கடந்தோம். மதினிக்கு ஒரு சளி கூடப் பிடிக்கவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம், ஃப்ளூ ஊரையே படுக்கப்போட்டது. எங்கள் ஆபீசில் பாதி நாற்காலி காலி. மழைக்காகப் படகின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் இறக்கிவிட்டிருப்பார்கள். உள்ளே ஈரக் குடைகளுக்கு நடுவே ஒரே இருமல். நான் மூக்கில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு, மழை அடித்தாலும் பரவாயில்லை என்று முன்பக்கம் போய் நிற்பேன். அந்த மாதம் மதினியைத் துறைக்கு வரக் கூடாது என்று தடை போட்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை. எங்கள் வாசலில் மிளகாய் லாரி நின்றது. மழைக்குள் அவசர அவசரமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள், இறக்குகிறவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். நானும் படிக்கட்டு ஓரத்தில் நின்று மூன்று தடவை தும்மினேன். என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்தேன். கை சுடும்போது நெற்றி சுடுவது எப்படித் தெரியும்? தெருவில் எல்லோர் நெற்றியையும் நான் தொட்டிருக்கிறேன், என் நெற்றியைத் தொட ஆள் இல்லை. மிளகாய்தான் என்று சொல்லிக்கொண்டு மேலே போனேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிளகாய் என்றால் தொண்டை அரிக்கும், அன்றைக்கு அரிக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலித்தது. அந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனால் மற்றவர்களை நிறுத்துகிற எனக்கே அது வரும் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நாள் முழுவதும் நனைந்து வந்தவளுக்கு மேலே போய் உட்கார வேண்டும் போலவும் இருந்தது.

மதினி தலைக்குக் குளித்திருந்தாள். “சிக்கு எடுத்துவிடுட்டி” என்று என் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் சீவினேன். நடுவில் தும்மல் வந்தது.

“இன்னைக்கு மிளகா காரம் சாஸ்தி” என்றாள் மதினி.

“ஆமா மதினி” என்றேன்.

மறுநாள் காலையில் காய்ச்சலில் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். இத்தாவுக்கு அந்தக் காய்ச்சல் ஏற்கெனவே வந்து போயிருந்தது. வாசலிலேயே என் நெற்றியில் கை வைத்தாள். அன்று நான் செய்தது போலத் திருப்பி அனுப்பியிருக்கலாம், நான் அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்து வைத்திருந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மதினிக்குக் காய்ச்சல். இத்தா வீட்டு ஜன்னலிலிருந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி நான் படுத்திருந்தேன். அண்ணன் தெருவில் ஓடுவது தெரிந்தது. இறாலுக்கு ஐஸ் போடும் கம்பெனியிலிருந்து, மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கி வருவான். ஐஸ் தண்ணீரில் துணி நனைத்து நனைத்துப் போட்டார்கள். கண் மங்கியது, வலது கையும் தூக்க வரவில்லை என்று இத்தா வந்து சொன்னாள். டாக்டர் மாத்திரை கொடுத்து, சூட்டை இறக்குங்கள், பிறகு பார்க்கலாம் என்றாராம். ஐந்தாம் நாள் சூடு இறங்கியது. கை வந்தது. கண் தெளிந்தது. கம்பைப் பிடித்து நான்கு அடி நடந்தாள். ஜன்னலில் வந்து உட்கார்ந்து, “ஐஸ் பூரா இறா நாத்தம்! என்னையக் கொழம்பு வைக்கப் பாத்தாவ!” என்று கத்தினாள். தெரு சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

எனக்கு இருமல் நிற்க மேலும் நாள் ஆனது. இருமல் நின்ற பிறகும் சில நாள் தள்ளியிருக்கும்படி டாக்டர் சொன்ன கெடு முடிந்து, நான் வீடு திரும்ப வேண்டிய அன்று காலையில், மதினி அடுப்படியில் விழுந்தாள். இந்தத் தடவை காய்ச்சல் இல்லை. சூடு இல்லை, இறக்குவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு காலும் போயிருந்தன. டாக்டர் சொன்ன அந்தப் படை, அடங்காமல் வீட்டைத் தாக்கிவிட்டது. கம்பவுண்டர் தினமும் வந்து ஊசி போட்டார். ஊசியில் அவள் முகம் ஊதியது என்றார்கள். நான் பார்க்கவில்லை.

நான் போகவில்லை. இருமல் இன்னும் இருக்கிறது என்று இத்தாவிடம் பொய் சொன்னேன். இருமிக்கூடக் காட்டினேன். ஆபீசுக்குப் போனேன், வந்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் தலை திரும்பாமல் நடந்தேன். அவள் காலை நான்தான் எடுத்தேன் என்ற எண்ணத்தைத் தவிர எனக்குள் வேறு எதுவும் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஒன்பது நாள் ஆயிற்று.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“ஏட்டி! மிளகாத் தும்மலா, காய்ச்சத் தும்மலா?”

நான் தும்மவே இல்லை. இத்தா வீட்டு ஜன்னல் துணிக்குப் பின்னால் நின்றேன். தெருவில் சிரிப்பு.

“மறைஞ்சு நின்னா தெரியாதா? உன் மூக்கு வெளிய தெரியுது. மேல வாரியா, நான் எறங்கி வரட்டுமா?”

நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் அவளைக் காணவில்லை. அண்ணன் அலறுவது கேட்டது. நான் தெருவைத் தாண்டி ஓடினேன். மரப்படியில் மேலிருந்து நான்காம் படியில் மதினி உட்கார்ந்திருந்தாள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பொத்து பொத்தென்று உட்கார்ந்தே இறங்கிக்கொண்டிருந்தாள். கால்கள் இரண்டும் அவளுக்கு முன்னால் தாமாக வழுக்கி வந்தன. முகம் ஊதி, வேறு யாரோ போல இருந்தது. சிரிப்பு மட்டும் அவளுடையது.

நான் ஐந்தாம் படியில் உட்கார்ந்து அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்தேன். “நான்தான் மதினி கொண்டுவந்தேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மேல வந்தேன்” என்றேன்.

அவள் என் தலையில் கை வைத்தாள்.

“தெரியும். தலை சீவும்போதே உன் கை சுட்டுச்சு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். “பின்ன ஏன் சொல்லல?”

“சொன்னா எந்திரிச்சுப் போயிருவ. பாதித் தலைதான் சீவியிருந்த” என்றாள். பிறகு, “நாலு வருசமா எல்லாரும் தெருவுல நின்னு கத்திட்டுப் போறாவ. யாரு வந்து என்னையத் தொடுதா? உங்க அண்ணனையும் உன்னையும் விட்டா யாரு?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

அந்தச் சாதாரணத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. அவள் நடையைக் காப்பாற்றுகிறேன் என்று அவளைச் சுற்றி ஆளில்லாமல் செய்திருந்தேன். ஜன்னல் தர்பாரைப் பார்த்து, மதினி எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று அண்ணனிடம் பெருமையடித்ததும் நான்தான். என் காவல் தப்பு என்று சொல்ல மாட்டேன், காய்ச்சல் அவளை என்ன செய்யும் என்பதை இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. காய்ச்சல் இல்லாதவர்களையும் சேர்த்துத் தெருவில் நிறுத்தினேனே, அதுதான் தப்பு.

அதற்குப் பிறகு சட்டத்தை மாற்றினோம். வருகிறவர்களின் நெற்றியை இத்தா தொட்டுப் பார்ப்பாள். என் நெற்றியையும் சேர்த்துத்தான், தினமும் சாயங்காலம். அவள் சரி என்றால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேலே போய் மதினியின் கட்டிலில் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். இத்தாவே முதலில் போனாள். பிடித்த கையை விளக்கு வைக்கும் வரை விடவில்லை.

வலது கால் கொஞ்சம் வந்தது. இடது கால் வரவே இல்லை. துறைக்கு நடப்பது அதோடு முடிந்தது. ஐந்தரைப் படகு துறையை நெருங்கும்போது நான் கரையைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

மழைக்காலம் போய், மார்கழி பிறந்த சமயம். ஒரு நாள் படகு துறையை நெருங்கும்போது கரையிலிருந்து யாரோ கத்துவது கேட்டது. நிமிர்ந்தேன். கூட்டத்துக்கு நடுவில், எல்லோரையும்விட உயரத்தில், மஞ்சள் சேலை. மூட்டை கொண்டுபோகும் கைவண்டியில் இரண்டு சாக்கு விரித்து, அதன்மேல் மதினியை உட்காரவைத்துக் கிடங்கு ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். அண்ணன் பக்கத்தில் அசடு வழிய நின்றான்.

“உன்னையப் பாக்க வரல. படகு பாக்க வந்தேன்!” என்று கத்தினாள்.

நான் கரையில் குதித்து ஓடினேன். வண்டியை நெருங்கும்போது தும்மல் வந்துவிட்டது. அப்படியே நின்றேன்.

“வாட்டி. இது மிளகா வண்டி. எனக்கே மூக்கு அரிக்குது” என்று மதினி கையை நீட்டினாள்.

மிளகாய் வண்டிதான். சாக்கில் விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தொண்டையும் அரித்தது. ஆனாலும் நான் போகவில்லை. அன்று காலைப் படகில் ஒருத்தி இருமிக்கொண்டே வந்திருந்தாள். என் மூக்கை நான் இனி நம்புவதாக இல்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்றேன். மதினி வண்டிக்காரரிடம் சொல்லி, தன்னைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி உட்கார வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. பத்தடி பின்னால் நான் நடந்தேன். வீடு வரும் வரை அவள் என்னைப் பார்த்தபடி, அன்றைய தெருக்கதைகள் அத்தனையையும் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே, “நடக்கியா, ஊருதியா?” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து நான்கு நாள் இத்தா வீட்டில் தங்கினேன். காய்ச்சல் வரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து இத்தா சரி என்ற பிறகு, கையைக் கழுவிக்கொண்டு மேலே போனேன். மதினி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, சீப்போடு காத்திருந்தாள்.

“நாலு நாளு வீணாப் போச்சு. மிளகான்னு சொன்னேன்லா?” என்றாள்.

“உங்க காலுக்குக் காவல் வேண்டாமா மதினி?” என்றேன்.

“காலுக்கு என்னத்துக்குட்டி காவல்? அது எங்கயும் ஓடிராது” என்று என் முழங்காலில் சாய்ந்தாள். “உன்னையத்தான் காவல் காக்கணும். ஒம்பது நாளு ஓடிப்போனவ நீ.”